செத்த பாட்டில்

அன்புள்ள அக்கா,

டிரைவர் இதைக் கொடுத்ததும் முதலில் கிணற்று மோட்டாரை நிறுத்து. வண்டியில் தண்ணீர் கேன் இருக்கிறது. பிறகு படி.

உன் கிணற்றில் கலந்த பெட்ரோலை, காற்றே இல்லாத அடிமண்ணில் வாழும் கிருமிகள் தின்று தீர்க்கின்றன, தண்ணீரைக் குடிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டவள் நான். உன் கிணற்று மண்ணையும் தண்ணீரையும் போட்டு லேபில் மூடிவைத்த பாட்டிலில் பெட்ரோல் குறைந்துகொண்டே வந்தது. கிருமிகளைக் கொன்று ஒப்பிட வைத்திருந்த பாட்டிலை மட்டும் அளக்கவில்லை. "செத்ததுல என்ன இருக்கப்போகுது" என்று விட்டுவிட்டேன்.

இன்று அளந்தேன். அதிலும் அதே அளவு குறைந்திருக்கிறது. எதுவும் தின்னவில்லை, அக்கா. ரப்பர் மூடி வழியாகக் கசிந்திருக்கிறது.

"நீ சொன்னா போதும்டி" என்று, ஏழு மாத வயிற்றோடு அன்றே அந்தத் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தாய்.

போனில் சொன்னால் "விடுடி, பரவாயில்ல" என்பாய். அதைக் கேட்கத்தான் எனக்குத் தெம்பில்லை.

உன் தங்கை