அந்தியூர்க் கன்றுகள்

ஐப்பசி 20, வியாழன்.

மூன்று வாரத்துக்கு முன் அந்தியூர்ப் பக்கம் ஒரு கதலி வாழைத் தோட்டத்தில் நான் எடுத்துவந்த மண்ணுக்கு இன்று ஆய்வகத்தில் முடிவு வந்தது. வாடல் நோய்ப் பூஞ்சை இருக்கிறது.

அன்றைக்குக் கிளம்பும்போது தோட்டக்காரர், "ஏனுங்க மேடம், வெறுங்கையோட போவீங்களா" என்று இரண்டு வாழைக்கன்றுகளைத் தோண்டிக் காரில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வெளித் தோட்டத்துக் கன்றை வாங்காதீர்கள் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டுச் சொல்கிற வேளாண் அதிகாரி நான். அவர் தோட்டத்தில் ஒரு வாழைகூட வாடியிருக்கவில்லை. அந்தத் தைரியத்தில் அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கன்றுகளைப் பிடுங்கி எரிக்கச் சொல்லத்தான் சாயங்காலம் போன் செய்தேன். எங்கே நட்டீர்கள் என்று மட்டும்தான் கேட்க முடிந்தது.

"வாய்க்கா மேட்டுல ஒண்ணு வெச்சேன் அம்மணி. குருத்து உட்டிருச்சு."

அந்த வாய்க்கால் தண்ணீர்தான் முழுத் தோட்டத்துக்கும் பாய்கிறது. பூஞ்சை தண்ணீரோடு பரவும்; மண்ணில் இறங்கிவிட்டால் பல வருஷத்துக்குப் போகாது. அதை அழிக்க எங்களிடம் மருந்து இல்லை.

இன்னொன்று எங்கே என்றேன்.

"பக்கத்துத் தோட்டத்து மாமன் வந்திருந்தாரு. வெறுங்கையோட அனுப்பறதா? குடுத்துப்போட்டேன்."

போனை வைத்துவிட்டேன். விடிந்ததும் போய்ச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை.

இப்போது மழை பிடித்துக்கொண்டது. அங்கேயும் பெய்யும்.