வறள்குன்றில் விடை கேட்போர்

மழை தன் முறை தவறாது பெய்க. மண் தன் பொறை குன்றாது தாங்குக. செம்மலைக்கும் அதன் பன்னிரு ஆற்றுப்படுகைக்கும் உரிய வேந்தர் கோப்பெருவளர் திருவாணையால், தலைமை அமைச்சர் நாவற்சேந்தன் வறள்குன்றிலிருந்து எழுதுவிக்கும் ஓலை. ஏழு துறைக்கு அதிபரும், பன்றிக்கொடி உயர்த்த குலத்தின் தோன்றலும், எம் வேந்தர்க்கு உற்ற துணைவருமாகிய கொடுங்கரைக் காவலர் மாவிலங்கரையர் திருமுன் இது பணிந்து நிற்பதாகுக. தங்கள் கோட்டையும் குடிகளும் கன்றுகாலிகளும் தழைத்திருக்க.

தங்கள் குலத்துக்கு உரியதாயிருந்து எம் வேந்தர்க்குக் கொடையாக வந்த இக்குன்றில், கல்விச்சாலைக்கு மேலும் அறுபது மனைகள் எழுப்ப வேண்டுமென்றும், அதற்கு மருதந்தோப்பை வெட்ட ஆள் விடுப்பதாகவும் தாங்கள் எழுதிய ஓலை கிடைத்தது. மறுமொழி தாழ்ந்தமைக்குப் பொறுத்தருள்க. இங்கே பெருந்தச்சி கொற்றிக்கு நேர்ந்ததை அவள் வாய்மொழியாகவே கேட்டறிய வேண்டியிருந்தது.

கொற்றி மதகுகள் கட்டிப் பெயர் பெற்றவள். வாய் குறைவு, கை நிறைவு. குன்று தருவதற்கு மேல் ஒரு குடம் நீரும் எடுக்காத கல்விச்சாலை ஒன்றை அமைக்குமாறு வேந்தர் பணித்தபோது, ஓராண்டு முழுவதும் அவள் ஒரு கல்லும் நடவில்லை. மழை எவ்வழி இறங்குகிறது, காற்று எங்கே திரும்புகிறது என்று பார்த்தபடி சரிவெல்லாம் நடந்தாள். பின்பு குளம் வெட்டினாள். வெட்டிய மண்ணிலேயே மாணாக்கர் தங்க நாற்பது மனைகளுக்குச் சுவர் எழுப்பினாள். கூரைநீர் குளத்துக்கும், குளத்துநீர் காலைதோறும் ஒவ்வொரு மனையின் கல்தொட்டிக்கும், குளித்த நீர் மனைப்பின் வாழைக்கும் செல்ல வழி செய்தாள். இலுப்பை மரம் ஒன்று குறுக்கே நின்றதால் நான்கு மனைகளை வளைத்துக் கட்டினாளே அன்றி, மரத்தின் மேல் கோடரி படவிடவில்லை.

தைத் திங்களில் முதல் நாற்பது மாணாக்கர் வந்து பத்து மனைகளில் குடியேறினர். முப்பது மனைகள் பூட்டியே கிடந்தன. ஒன்பதாம் நாள் காலையில் நீர்க்காவலர் குமிழன் அவளிடம் வந்து நின்றார். அவர்கள் பேசிய பேச்சை மாற்றாமல் எழுதச் சொன்னோம்.

"அம்மா, குளம் எறங்குதும்மா. பத்து வீட்டுப் பிள்ளைங்க பொழங்குற அளவு இல்ல இது."

"கரையில கசிவு இருக்கும். பாத்தீங்களா?"

"மூணு தடவை பாத்துட்டேன். நாப்பது வீடும் நெறஞ்சிருந்தா எவ்வளவு கொறையுமோ, அவ்வளவு கொறையுது."

கொற்றி நம்பவில்லை. தானே கரையைச் சுற்றினாள், ஈரம் எங்குமில்லை. பின்பு பூட்டிய மனைகளின் பின்புறம் சென்றாள். அங்கே வாழைகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து குலை தள்ளியிருந்தன. மாணாக்கர் வாழும் மனைகளின் வாழைகளோ முழங்கால் அளவே இருந்தன. அவள் கதவொன்றைத் திறந்தாள். காலையில் நிறைந்த கல்தொட்டி வறண்டிருந்தது. தரை ஈரமாயிருந்தது, ஈரத்தில் ஒரு காலடியும் இல்லை.

அன்று உச்சிப்பொழுதில், வெயில் வாசலில் கொட்டிக்கிடக்க, அவள் அந்த மனையில் தனியே அமர்ந்தாள். சற்று நேரத்தில் தரைக்குக் கீழிருந்து பாடம் ஓதும் ஒலி எழுந்தது. ஒருவர் குரலன்று, பலர் ஒருசேர, வறண்ட தொண்டையோடு. ஓதல் நின்றது. ஓர் இளம்பெண்ணின் குரல் மட்டும் அவள் காலடியில் கேட்டது.

"பாடம் முடிஞ்சிருச்சு. நாங்க போகலாமா?"

கொற்றி தரையை நோக்கிக் குனிந்தாள். சொன்னாள்: "போங்கம்மா. தாராளமாப் போங்க."

"நீங்க சொன்னா ஆகாது. கட்டினவர் சொல்லணும்."

"நான்தானே கட்டினேன்?"

 "மேல இருக்குறத," என்றது குரல்.

மறுநாள் அவள் தரையைத் தோண்டுவித்தாள். நான்கு முழத்துக்குக் கீழே சுவர்த்தலைகள் தெரிந்தன. மருதந்தோப்பின் எல்லைவரை தொடர்ந்து தோண்டியதில் நானூறு மனைகள் வெளிப்பட்டன. அத்தனை மனைகளில் வாழ்ந்தோர்க்கும் இருந்தது ஓர் ஊற்று. அதுவும் தூர்ந்து கிடந்தது. குளமில்லை. வெட்டுண்ட அடிமரங்களே எங்கும். எலும்புகள் தொட்டிகளின் ஓரம் கிடந்தன. எந்தக் கதவுநிலையிலும் தாழ் செருகும் குழி இல்லை. அவர்களை எவரும் பூட்டவில்லை. நடுமுற்றத்தில் ஒரு கல் நின்றது. தங்கள் குலத்துப் பன்றிப்பொறியும், தங்கள் ஐந்தாம் பாட்டனார் பெயரும் அதில் உள்ளன. "பாடம் முற்றி, நம் வாயால் விடை பெறும்வரை எவரும் இக்குன்றை விட்டு இறங்கற்க" என்பது அதன் வாசகம். அவர் கொடுங்கரைப் போருக்குச் சென்றார் என்றும், விடை சொல்ல மறந்தார் என்றும் தங்கள் குலவரிசை ஓலையால் அறிந்தோம்.

கொற்றி அக்கல்லின் முன் அழுதாளில்லை. நேரே மேலேறி, உயிரோடிருக்கும் நாற்பது மாணாக்கரையும் அழைத்தாள். "எறங்கணும்னு தோணிச்சின்னா எறங்கிப் போங்க. யாரையும் கேக்க வேணாம், என்னையும் கேக்க வேணாம்," என்றாள். அன்றே எண்மர் இறங்கினர். எஞ்சியோர் தம் பங்கு நீரில் பாதியைக் கீழே உள்ளோர்க்கு விட ஒப்பினர். அவளே ஒவ்வொரு காலையும் முப்பது தொட்டிகளுக்கும் மடை திறக்கிறாள்.

எம் வேந்தர் தாமே வந்து, உச்சிப்பொழுதில் அத்தரையில் நின்று, போய்வருக என்று விடை தந்தார். "நீங்க வேற அரசர்," என்று மட்டுமே கேட்டது. அதை யாமும் செவியால் கேட்டோம். குளமோ நாளும் இறங்குகிறது. ஆனி பிறக்குமுன் வறளும்.

ஆதலின் வேந்தர் ஆணை இது. அறுபது மனைகள் எழா. மருதந்தோப்பில் ஒரு கிளையும் விழாது. நாற்பது மனைக்கு மேல் இக்குன்று என்றும் சுமவாது. தாங்கள் பரிவாரமின்றி, வரும் நிறைமதிக்குமுன் இங்கே எழுந்தருளி, தங்கள் பாட்டனார் சொல்லாது விட்ட சொல்லைத் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். ஓலையில் எழுதி விடுத்தல் ஏற்கப்படாது.

கொற்றி பார்த்திருக்க, செம்மெழுகில் வேந்தர் இலச்சினை பதிந்தது. சொல் பிழையாதிருக்க, கொண்டுசெல்வோர் கால் தளராதிருக்க.

ஓலையை விடுக்குமுன் இன்னும் ஒன்று. இவ்வோலையை எழுத்தர் உரக்கப் படித்துத் தங்கள் பெயரைச் சொன்னபோது, கீழே ஓதல் நின்றது. மூன்று நாளாயிற்று. இன்னும் தொடங்கவில்லை. காத்திருக்கிறார்கள்.