நினைப்பாரற்றவர்களுக்குப் பத்து மணி

1944 அக்டோபர் 15, ஞாயிறு

சாமியார் சைக்கிளில் ரப்பர் தோட்டத்துக்கு வந்து பூசை வைத்தார். நவம்பர் மாதம் வேண்டிக்கொள்வதற்கு இறந்தவர்களின் பெயர்களைக் கேட்டார். லயத்து வேதக்காரர் வீட்டுப் பெயர்களை எல்லாம் நானே சொன்னேன். கொஞ்சம் தயங்கி, "உபதேசியார் பெயர்?" என்றார். உயிரோடு இருக்கிற என் புருஷனுக்கு எதற்குச் சாமி இளைப்பாற்றிப் பூசை என்று கேட்டுவிட்டேன்.

சியாம் ரயில் பாதைக்கு ஜப்பான்காரன் ஏற்றிப்போனவர்களில் பலர் திரும்பவில்லைதான். அதற்காக? என் இஞ்ஞாசி சாகிற ஆள் இல்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் கஞ்சியில் உப்பில்லை என்று சண்டை பிடித்தவர்.

அவர் போனதிலிருந்து மாலைச் செபமாலையை நான்தான் நடத்துகிறேன். அவர் வழக்கப்படியே செபமாலையில் கடைசிப் பத்து மணியை உருட்டுவது நினைப்பாரற்ற ஆத்துமாக்களுக்கு. செத்தவர்கள் பாவம் தீரும்வரை வேகிற உத்தரிக்கிற ஸ்தலத்தில், தமக்கென்று வேண்டிக்கொள்ள ஒருவரும் இல்லாமல் கிடப்பவர்களை நாமும் மறந்தால் எப்படி என்பார்.

அக்டோபர் 23

இவரோடு ஏற்றிப்போன நம் லயத்து அம்மாசி சியாமிலிருந்து வந்துவிட்டான். காலெல்லாம் புண். பக்கத்து வீட்டு ராக்காயியின் புருஷன் பழனியாண்டி காலராவில் போய்விட்டானாம். அங்கேயே எரித்துவிட்டார்களாம். பாவம் ராக்காயி.

இவரைப் பற்றிக் கேட்டேன். "நாங்க வேற கேம்புக்கா" என்று தரையைப் பார்த்தான். நல்லதாகப் போயிற்று. அந்தக் கேம்பில் காலரா இருந்திருக்காது.

அக்டோபர் 27

ராக்காயி வந்தாள். "அக்கா, சாம்பல்கூட கைக்கு வரல. ஒங்க கல்லறைத் திருநாளுக்கு எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு வெளக்கு வெக்கலாமா?"

வை என்றேன். சந்தியாகு மூப்பர், "அவன் வேதக்காரன் இல்லையே" என்று இழுத்தார். ஆண்டவர் அப்படிக் கணக்குப் பார்க்கிறவரா என்று நீங்களே போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்றேன்.

அக்டோபர் 31

மெழுகுதிரிக்கு எங்கே போவது? கொட்டாங்கச்சியில், ரப்பர் மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலை வைத்துக் கொளுத்திப் பார்த்தேன். கறுப்புப் புகை, நாற்றம். ஆனால் எரிகிறது.

நவம்பர் 2

வேறெங்கோ செத்துப்போனவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்துப் பெரிய சிலுவையடியில்தான் விளக்கு. ராக்காயி ஒன்று வைத்தாள். பிறகு இன்னொன்றை எடுத்துப் பக்கத்திலேயே வைத்தாள். இது யாருக்கு என்றேன். பின்னால் நின்ற அம்மாசிதான் சொன்னான்.

"அண்ணனுக்குக்கா. வேற கேம்புன்னு பொய் சொல்லிட்டேன். பழனியாண்டிய தொட்டுத் தூக்கிப் பாத்துக்கிட்டது அவருதான். அவரையும் புடிச்சிருச்சு. போன கிறிஸ்மஸுக்கு முந்தியே. ஒங்க மொகத்தப் பாத்துச் சொல்ல வாய் வரல, ராக்காயிகிட்ட சொன்னேன்."

விளக்கை அணைக்கப் போனேன். ராக்காயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எரியட்டும்க்கா."

நவம்பர் 3

சாமி அன்னைக்கே அவரு பேரக் கேட்டாரே. கேட்டாரே — நான்தானே வாயடிச்சேன். ஒரு வருசமா அங்க கெடக்கிறாரு. எனக்கு இருந்த திமிருல அவரு பேர ஒரு தடவை சொல்லல. யாரு வேண்டியிருப்பா அவருக்கு?

நவம்பர் 4

செபம் நடத்தவில்லை. மூப்பர் நடத்தினார்.

நவம்பர் 5, ஞாயிறு

பூசைக்கு முன்னால் சாமியாரிடம் போய்ப் பெயரைச் சொன்னேன். இஞ்ஞாசி. இரண்டாம் தடவை கேட்கவைக்காமல் தெளிவாகவே சொன்னேன்.

மாலை செபத்துக்கு நானே உட்கார்ந்தேன். கடைசிப் பத்து மணிக்கு வந்தபோது நாக்கு நின்றுவிட்டது. தமக்கென்று வேண்டிக்கொள்ள ஒருவரும் இல்லாதவர்கள் — இத்தனை நாளும் அதில் அவரும் ஒருவர்தானே? அப்படியானால் அவர் போன நாளிலிருந்து, நேற்றைத் தவிர ஒரு மாலைகூட விடாமல் அவருக்கும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறேன். அவரே பழக்கிவிட்டுப் போன செபம். போய்ச் சேர்ந்திருக்கும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

அழுதேன். அழுதுகொண்டே பத்து மணியையும் சொல்லி முடித்தேன். நேற்று விட்ட பத்தையும் சேர்த்துச் சொன்னேன். ராக்காயிக்கு வார்த்தை தெரியாது. முடிகிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.