ஏலத்தில் வந்த வயலின்

வாலாந்தூர்,
14.7.2004

மதுரை கே.கே. நகர் திரு. கிரிதரன் அவர்களுக்கு, வாலாந்தூர் முத்துக்கருப்பன் வணக்கம் சொல்லி எழுதுவது.

நீங்கள் கூரியரில் அனுப்பிய வயலின் திங்கட்கிழமை சேதமில்லாமல் வந்து சேர்ந்தது. கம்ப்யூட்டரிலேயே தகவல் சொல்லிவிடலாம் என்றான் என் மகன். ஒரு பொருளைக் கைமாற்றிக்கொண்டவர்கள் நாலு வரியாவது எழுதிக்கொள்வதுதான் முறை என்று எனக்குப் பட்டது.

கண்மாய் மீன் ஏலம், புளியமரத்து ஏலம் எல்லாம் பார்த்தவன் நான். அங்கே எதிராளியின் முகம் தெரியும். அவன் தொண்டையைச் செருமினால் இன்னும் ஏறப்போகிறான் என்று கண்டுகொள்வோம். உங்கள் கம்ப்யூட்டர் ஏலத்தில் முகமே இல்லை. மகன் உசிலம்பட்டியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறான். கடைசி நாள் அவன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கல்கத்தாவில் யாரோ ஒருவர் ஏற ஏற நாங்களும் ஏறினோம். எனக்குக் கை வேர்த்துவிட்டது. அந்தக் கல்கத்தாக்காரர் எப்படி இருப்பார், அவருக்கும் வேர்த்திருக்குமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

இதை எப்படி வைத்துக் காப்பாற்றுவது? எங்கள் வீட்டில் பாதி ஓடு, பாதி தகரம். வெயில் ஆகுமா? தந்தியை முறுக்கும் கட்டை ஒன்று நிற்காமல் வழுக்குகிறது. இதை வாசித்தவர் யார், எத்தனை வயதில் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லலாம் என்றால் அதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சு. முத்துக்கருப்பன்


கே.கே. நகர், மதுரை,
20.7.2004

அன்புள்ள முத்துக்கருப்பன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். எனக்கு வந்த கடிதங்களில் யாருடைய கையும் வேர்த்ததில்லை.

தகரத்தின் கீழ் வைக்காதீர்கள், ஒட்டு விட்டுவிடும். மண்சுவர் அறை இருந்தால் உத்தமம். வழுக்கும் கட்டைக்குப் பிரடை என்று பெயர். அதை உருவி, பள்ளிக்கூடச் சாக்பீஸைத் தேய்த்துத் திரும்பச் செருகினால் நிற்கும். வாசித்து முடித்ததும் வில்லின் முடியைத் தளர்த்திவிட வேண்டும். பலர் இதை மறந்துவிடுவார்கள்.

அது என் மகளுடையது. ஏழு வயதில் தொடங்கினாள். இப்போது பெங்களூரில் இருக்கிறாள். வீட்டில் வாசிக்க ஆளில்லாததால் விற்றேன்.

நானும் அந்தக் கடைசி நாளில் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருந்தேன். ஜெயித்தவர் ஊர் மதுரை மாவட்டம் என்று பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வந்திருக்கும் பெட்டி, கூரியர்காரன் கையில் நான்கு நாள் சுற்றியிருக்கிறது. கேட்கிறேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம்: உங்கள் வீட்டில் யார் வாசிக்கப் போகிறார்கள்? நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்?

அன்புடன்,
கிரிதரன்


வாலாந்தூர்,
3.8.2004

மதிப்பிற்குரிய கிரிதரன் சாருக்கு வணக்கம்.

சாக்பீஸ் வேலை செய்தது. கட்டை இப்போது நகரவில்லை.

எனக்கு ஒன்றரை ஏக்கர் மல்லித் தோட்டம். விடியுமுன்னே பறித்து, மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்கு நானே கொண்டுவருகிறேன். உங்கள் கே.கே. நகர் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான் என்று மார்க்கெட்டில் சொன்னார்கள்.

வயலின் என் மருமகளுக்காக வாங்கியது. சந்தோஷப்படும் என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்து பார்த்தது. மூடி அப்படியே பீரோவுக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டது. அன்றைக்குச் சாப்பிடவில்லை. கேட்டால் தலைவலி என்றது. மூன்று வாரம் ஆகிறது, கீழே இறக்கவே இல்லை. நான் செய்தது தப்போ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

உங்களுக்கு அனுபவம் இருக்கும் என்றுதான் கேட்கிறேன். வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்காமல் இருப்பது ஏன்? உங்கள் மகள் எப்போதாவது அப்படி இருந்ததுண்டா?

இப்படிக்கு,
சு. முத்துக்கருப்பன்


கே.கே. நகர், மதுரை,
9.8.2004

அன்புள்ள முத்துக்கருப்பன் அவர்களுக்கு,

உங்கள் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் எழுத மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். முகம் தெரியாதவர் என்பதால் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

என் மகள் கோபம் வந்தால்தான் நன்றாக வாசிப்பாள். அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு அறைக்குள் போனால் தெருவே நின்று கேட்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால், கூடப் படித்த ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்றாள். நாங்கள் சௌராஷ்டிரர்கள். அவர்கள் வேறு சாதி. நான் கத்தவில்லை. வயலினை எடுத்து என் பீரோவில் வைத்துப் பூட்டி, “இது நான் வாங்கித் தந்தது. உன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு போ” என்றேன். எங்கள் பாஷையில் சொல்லும்போது அது இன்னும் கடுமையாக இருக்கும். அவள் ஒரு பையோடு போனாள். பெங்களூரில் இருவரும் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். பையனின் ஊர், தகப்பன் பெயர், எதையும் நான் விசாரிக்கவில்லை.

என் மனைவி சுந்தரவல்லி வெள்ளிக்கிழமைதோறும் சாவி கேட்பாள். வயலினை எடுத்துத் துடைத்துத் திரும்ப வைப்பாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் விற்றேன். விற்ற பிறகு சாவி கேட்பதும் நின்றுவிட்டது. மற்றப் பேச்சும் நின்றுவிட்டது.

ஆகவே வாசிக்காமல் இருப்பது ஏன் என்பது எனக்குத் தெரியாது. யாரையாவது நினைத்துத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். உங்கள் மருமகள் எந்த ஊர்ப் பெண்? யாரிடம் கற்றுக்கொண்டாள்? சுருதி கலைந்திருப்பதுகூடக் காரணமாக இருக்கலாம். அதைக் கடிதத்தில் சொல்லித் தர முடியாது. எனக்குக் கொஞ்சம் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு நான் வாலாந்தூர் வந்து சேர்த்துத் தருகிறேன். உங்கள் மல்லித் தோட்டத்தையும் பார்த்த மாதிரி இருக்கும்.

அன்புடன்,
கிரிதரன்


வாலாந்தூர்,
13.8.2004

கிரிதரன் சார் அவர்களுக்கு,

நீங்கள் பஸ் ஏறுவதற்கு முன்னால் இது கையில் கிடைக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

என் மருமகள் பெயர் வித்யாஸ்ரீ. உங்கள் மகள்தான். என் மகன் பெயர் அழகுபாண்டி.

போன சித்திரையில் இரண்டு பேரும் பெங்களூர் வேலையை விட்டு இங்கே வந்துவிட்டார்கள். வித்யா உசிலம்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கலாம் என்று அழகுபாண்டி அந்த ஏலத்துக்குள் போயிருக்கிறான். வயலின் படமும் உங்கள் பெயரும் அங்கே இருந்திருக்கின்றன. மருமகளிடம் சொல்லாமல் என்னிடம் வந்து, “என்னப்பா செய்ய?” என்று கேட்டான். “வேற ஒருத்தன் கைக்குப் போகக் கூடாது, ஏறு” என்றேன்.

அந்தப் பிள்ளை தொலைந்த சாமானைத் தேடும்போது உங்கள் பாஷையில் முணுமுணுக்கும். மற்றபடி பிறந்த வீட்டைப் பற்றி ஒரு சொல் பேசாது. அதனால் அதற்குச் சந்தோஷம் தருகிற மாதிரி ஒன்று செய்ய ஆசைப்பட்டேன். பெட்டியைத் திறந்ததும், “யாரு வித்தது?” என்று மட்டும் கேட்டது. அழகுபாண்டி உள்ளதைச் சொன்னான். தன் அப்பா தன் பொருளை ஏலத்தில் போட்டுவிட்டார் என்ற சேதியைத்தான் நான் காசு கொடுத்து வாங்கி அதன் கையில் கொடுத்திருக்கிறேன். அது அப்போது எனக்குப் புரியவில்லை.

அதைச் சரிசெய்ய வழி தேடித்தான் யாரோ போல உங்களுக்கு எழுதினேன். நீங்கள் வெளிப்படையாக எழுத எழுத எனக்கு உறுத்தியது. மன்னிக்க வேண்டும். நான் எழுதுவது வித்யாவுக்குத் தெரியாது. வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.

சு. முத்துக்கருப்பன்


வாலாந்தூர்,
20.9.2004

கிரிதரன் சார் அவர்களுக்கு வணக்கம்.

பதில் இல்லை. எதிர்பார்க்கவும் முடியாது. ஒரு சேதி சொல்லத்தான் இது.

போன புதன்கிழமை நான் தோட்டத்திலிருந்து வரும்போது வீட்டுக்குள் சத்தம் கேட்டது. வித்யா வயலினை இறக்கிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தது. ஒரு தந்தி அறுந்துபோனது. மீதி மூன்றை வைத்துக் கொஞ்ச நேரம் வாசித்தது. எனக்கு அதில் ஞானம் கிடையாது. நன்றாக இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த வாசிப்பில் கோபம் இருந்தது. அது மட்டும் எனக்கே தெரிந்தது.

முந்தாநாள் பூவை இறக்கிவிட்டு உங்கள் தெரு வரைக்கும் நடந்து வந்தேன். வாசலில் நீங்களோ யாரோ பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். கூப்பிடத் தைரியம் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

சு. முத்துக்கருப்பன்


கே.கே. நகர், மதுரை,
11.10.2004

சம்பந்தி முத்துக்கருப்பன் அவர்களுக்கு,

இரண்டு மாதம் பதில் எழுதவில்லை. என்னை ஏமாற்றி உள்விஷயத்தைக் கறந்துவிட்டீர்கள் என்று கோபம். உங்கள் கடிதங்களைக் கிழிக்க எடுத்தேன், கிழிக்கவில்லை. மேஜை இழுப்பறையில் போட்டு வைத்தேன்.

போன வாரம் சுந்தரவல்லி கோச்சடையில் இருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள். சாயங்காலம் திரும்பியபோது தலையில் அடர்த்தியாக மல்லி, கையில் ஒரு பொட்டலம் மல்லி. தங்கை வீட்டில் அம்புட்டுப் பூ கொடுக்க மாட்டார்கள். அவளே எதிரே உட்கார்ந்து, இழுப்பறையில் இருந்த கடிதங்களைப் படித்துவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்ததைச் சொன்னாள். உங்கள் வீட்டம்மா கறிக்குழம்பு வைக்கலாமா கூடாதா என்று தயங்கிக் கடைசியில் பருப்புக் குழம்பு வைத்தார்களாம். தோட்டத்துக்குப் போயிருந்த நீங்கள் ஓடி வந்து கும்பிட்டுவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் பூப் பறிக்கப் போய்விட்டீர்களாம். வித்யா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாளாம். பிறகு வித்யா வாசித்தாளாம்.

“எப்படி வாசித்தாள்?” என்று கேட்டேன். மூன்று வருஷத்தில் மகளைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அது. “போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுச் சுந்தரவல்லி எழுந்து போய்விட்டாள்.

நான் வயலினை ஏலத்தில் போட்டதுபற்றி வித்யா என்ன நினைக்கிறாள் என்று தெரியாமல் வருவது சரியில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்று அவளிடம் கேட்டு எழுதுங்கள். வேண்டாம் என்றால் அந்த வார்த்தையையே எழுதுங்கள். மென்மைப்படுத்த வேண்டாம். அறுந்த தந்திக்கு மாற்று வாங்கி தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

கிரிதரன்


வாலாந்தூர்,
16.10.2004

சம்பந்திக்கு முத்துக்கருப்பன் வணக்கம்.

தந்தி வந்தது. மாட்டியாயிற்று.

உங்கள் கடிதத்தைக் காட்டி வித்யாவிடம் கேட்டேன். மற்ற கடிதங்களும் வேண்டும் என்றது. எல்லாவற்றையும் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்தது. நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சைக்கிளைக்கூட நிறுத்தாமல் தோட்டத்துக்கே வந்தது. அது சொன்னதை நீங்கள் கேட்டுக்கொண்டபடி மாற்றாமல் எழுதுகிறேன்.

“அவரு என்னை வித்துட்ட மாதிரி இருந்துச்சு மாமா. அந்தக் கோவம் இன்னும் போகல. பீரோவுல பூட்டுனதையும் நான் மறக்கல. ஆனா எங்கப்பா இம்புட்டு எழுதுவாருன்னு எனக்குத் தெரியாது. என்கிட்ட ஒரு நாளும் இப்படிப் பேசுனதில்ல. யாருன்னே தெரியாத உங்களுக்கு எழுதுனாருல்ல, அதே மாதிரி எனக்கு ஒண்ணு எழுதச் சொல்லுங்க. படிச்சுட்டு நான் சொல்றேன், எந்த ஞாயித்துக்கெழமைன்னு.”

அது கேட்டது எனக்குச் சரியாகவே பட்டது.

இனி எனக்கு எழுத வேண்டாம் சம்பந்தி. அது பெயருக்கே எழுதுங்கள். விலாசம் இதேதான்.

இப்படிக்கு,
முத்துக்கருப்பன்