சட்டத்துக்குப் பின்னால் நின்றவள்

பொன்மலை,
21-9-1961

அன்பு மகள் லூர்துராணிக்கு,

அப்பா தைரியராஜ் ஆசீர்வதித்து எழுதுவது. எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்குக் குறையில்லை. உன் அக்காள் சலேத்மேரியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

இரண்டு வாரம் முன்பு உன் படம் இங்கே டூரிங் கொட்டகைக்கு வந்தது. மூவரும் போய்ப் பார்த்தோம். நீ நன்றாக நடித்திருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். கண்ணாடியில் உன் பிம்பமாகத் தெரியும் பேய் உருவம் தானாகச் சிரித்து, வெளியே வந்து, குழந்தையின் கழுத்தைப் பிடித்தபோது கொட்டகையே அலறியது. அங்கே கண்ணாடி இல்லை, வெறும் மரச்சட்டம்தான், பின்னால் நிற்பது உன்னோடு பிறந்த இரட்டை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எழுத்துப் போட்டபோது அவள் பெயரைத் தேடினேன். இல்லை.

ஒரே ஆளை இரண்டாகக் காட்டும் தந்திரக்காட்சி எடுக்கக் கம்பெனிக்கு வசதியில்லை, அக்காள் வந்தால்தான் உனக்கு இந்த வேடம் நிலைக்கும் என்று நீ எழுதியபோது அவள் தயங்கினாள். தங்கச்சிக்காக வா என்று ரயிலேற்றி அழைத்து வந்தவன் நான். நீ வலது கையைத் தூக்கினால் அவள் இடது கையைத் தூக்க வேண்டும் என்று பத்து நாள் பழகினாளே, ஊருக்கு வந்தும் அது விடவில்லை. கோயிலில் ஒருநாள் தன்னையறியாமல் இடது கையால் சிலுவை போட்டாள். அன்று பெண்கள் சிரித்தார்கள். இப்போது அதையே வேறு மாதிரிப் பேசுகிறார்கள்.

போன திங்கட்கிழமை அவள் பாடம் நடத்த ஒன்றாம் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் மூலையில் ஒண்டிக்கொண்டார்களாம். மருதையின் மகள், எப்போதும் அவள் மடியிலேயே கிடக்கும் குழந்தை, "டீச்சர், வெளிய வராதீங்க, கண்ணாடிக்குள்ளயே போயிடுங்க" என்று கைகூப்பி அழுததாம். பிள்ளைகள் மறக்கும்வரை வீட்டில் இருக்கச் சொல்லித் தலைமையாசிரியை அனுப்பிவிட்டார். இரட்டைப் பிறவிகள் என்று தெரிந்த பெரியவர்களும் பூசையில் அவளை விட்டுத் தள்ளி முழங்காலிடுகிறார்கள்.

அவள் யாரையும் குறை சொல்லவில்லை. "தங்கச்சிக்கு எழுதாதீங்கப்பா, பேர் வர்ற நேரத்துல வருத்தப்படுவா" என்றாள்.

நேற்று உன் கடிதம் வந்தது. அதே மாதிரி இன்னொரு படம், அக்காளை அனுப்புங்கள் என்று. நான் மறைப்பதற்குள் படித்துவிட்டாள். அம்மா வேண்டாமென்று கையைப் பிடித்தாள். "அங்கயாவது நான் வந்து நின்னா யாரும் எழுந்து ஓட மாட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்துக்கு உடுத்தும் வெள்ளைச் சேலைகளை மட்டும் அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

இந்த முறை அவளை நான் அழைத்து வரமாட்டேன். நீ வா. உன்மேல் கோபமில்லை; கோபமெல்லாம் என்மேல்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவள் பக்கத்தில் நீ முழங்காலிட வேண்டும். பிறகு இருவரும் கைகோத்து மருதையின் வீடு வரை நடந்து போக வேண்டும். அந்தக் குழந்தை உங்களைச் சேர்த்துப் பார்க்கட்டும்.

உங்கள் இருவரையும் ஒரே தொட்டிலில் போட்ட அன்று மாதாவிடம் கேட்ட வரத்தையே இன்றும் கேட்கிறேன்: ஒருத்தியை ஒருத்தி கைவிடாதிருக்கட்டும்.

சனிக்கிழமை ரயிலடியில் காத்திருக்கும்,
அப்பா