பதினோரு அட்டை மாத்திரை

மார்ச் 23, திங்கள்

பங்குனி வெயில், காலை எட்டுக்கே மண்டையைப் பிளக்கிறது. பள்ளிக்கூடம் கிடையாது. நாளை சாயங்காலம் முதல் ஊரடங்கு.

ரத வீதியில் தேரோட்டத்துக்குக்கூட இத்தனை கூட்டம் பார்த்ததில்லை. பலசரக்குக் கடையில் ஒருவர்: "எண்ணெய் டின்னு எத்தன இருக்கோ அத்தனையும் போடும்வே." கடைக்காரர்: "வீட்டுல எத்தன பேரு?" "மூணு பேரு. இருக்கட்டும்வே, கேக்காதீரும்." அல்வாக் கடையிலும் வரிசை. ஊரை அடைக்கப்போகிறார்கள் என்றதும் அரைக் கிலோ அல்வா வாங்கி வைத்துக்கொள்ளும் ஊர் இது ஒன்றுதான்.

வாங்கியது: அரிசி 10 கிலோ. து. பருப்பு 2. நல்லெண்ணெய் 2 லி. சோப்பு 8. காப்பித்தூள் 1. உளுந்து 5.

உளுந்து, மூட்டையில் கடைசி. பின்னால் நின்ற அம்மா, "அரைக் கிலோ விட்டுக்குடுங்களேன், பிள்ளைக்குக் களி கிண்டணும்" என்றாள். காது கேட்காதமாதிரி நின்றேன். ஒண்டிக்கட்டைக்கு ஐந்து கிலோ எதற்கு என்று வீட்டுக்கு வந்தபிறகு தோன்றியது. டிரம்மில் கொட்டி மூடியாயிற்று.

மருந்துக்கடையிலும் கூட்டம், முகக்கவசத்துக்கு அடிபிடி. என் மாத்திரை இரண்டு அட்டை இருக்கிறது, இன்னும் பத்து நாள் வரும். முடக்குவாதத்து மாத்திரைக்கு யார் போட்டி என்று திரும்பி வந்துவிட்டேன்.

மார்ச் 26, வியாழன்

தெரு வெறிச். கோயில் மணிகூட இல்லை. காக்காய்க்கு வைத்த சோற்றை நாய் தின்றது.

குடும்ப வாட்ஸாப்பில் அண்ணன் ஒரு செய்தி போட்டிருந்தான். மலேரியா மாத்திரை ஒன்று இந்த நோயைத் தடுக்குமாம். கீழே: "ஏளா கோமு, இது நீ சாப்பிடுத மாத்திரதான?"

அதேதான். ஹைட்ராக்சிகுளோரோகுயின். பதினோரு வருடமாகக் காலை ஒன்று, இரவு ஒன்று. அதன் தயவில்தான் சாக்பீஸ் பிடிக்கிறேன், ரவிக்கை ஊக்கு மாட்டுகிறேன். வேதியியல் டீச்சரிடம் கேட்டால் சும்மா இருப்பேனா. மருந்தின் பூர்வீகம், வேலை செய்யும் விதம், நன்றாக இருக்கிறவர்கள் தின்றால் இதயத்துக்கு ஆகாது என்பதுவரை மூன்று பத்தி எழுதினேன். பெயரைத் தப்பாக எழுதிவிடக்கூடாதே என்று டாக்டர் சீட்டையும் படம் எடுத்துப் போட்டேன். பதிலுக்கு ஒன்பது கும்பிடு பொம்மை. மதினி: "கோமு எவ்வளவு படிச்சிருக்கா." கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 1, புதன்

மாத்திரை இன்னும் இரண்டு. மருந்துக்கடைக்குப் போனேன். வாசலில் சுண்ணாம்பு வட்டம், வட்டத்துக்கு வெளியே எல்லாரும்.

கடைக்கார அண்ணாச்சி சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "டீச்சர், இந்தச் சீட்டுக்குப் போன வாரமே குடுத்தாச்சே. மூணு மாசத்துக்கு. உங்க அண்ணன் போன்ல படம் காட்டுனாவ. தங்கச்சிக்குன்னு சொன்னாவ. நானும், சரி, டீச்சரு வெளிய வரமுடியாதேன்னு கடையில இருந்த பதினெட்டு அட்டையும் எடுத்துக் குடுத்துட்டேன். இப்ப வரத்தே இல்ல."

வழியெல்லாம் கண் கலங்கிக்கொண்டே வந்தேன். பாளையங்கோட்டையிலிருந்து பாலம் தாண்டி வந்து வாங்கி வைத்திருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா போனபிறகு எனக்கு யார் இருக்கிறார்கள் என்று எத்தனை நாள் அழுதிருக்கிறேன். இருக்கிறான்.

ஏப்ரல் 3, வெள்ளி

மாத்திரை நேற்றோடு தீர்ந்தது. அண்ணன் வரவில்லை. போலீஸ் கெடுபிடியாக இருக்கும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

நானே போன் செய்தேன். எடுத்தது மதினி. "ஓ, அந்த மாத்திரையா? ஞாயித்துக்கிழமைக்கு ஆளுக்கு ஒண்ணு போட்டுக்கிடுதோம். இப்பத்தான் மருமவளுக்குக் குடுத்தேன். நீ எழுதுனதுக்குப் பொறவுதான் எங்களுக்கு நம்பிக்கையே வந்துச்சு கோமு."

நான் எழுதியதில் கடைசிப் பத்தியை ஒருவரும் படிக்கவில்லை.

பிறகு அண்ணன் வாங்கிப் பேசினான். "நீ எப்படியும் வாங்கிக்கிடுவ. உனக்கு வியாதி இருக்கு, டாக்டர் எழுதித் தருவாரு. எங்களுக்கு யாரு தருவா? நீயே சொல்லு."

போனை வைத்தேன். என் சீட்டு, என் பெயர், என் வியாதி. வியாதி மட்டும் எனக்கு, மருந்து அவர்களுக்கு. முப்பது வருடம் வங்கியில் வேலை பார்த்த மனிதன். படிக்காதவன் செய்தால் அறியாமை என்று மன்னிக்கலாம். இதை என்னவென்று சொல்ல?

டாக்டரிடம் போனில் கேட்டேன். உடனே ஒன்றும் ஆகாதாம், மருந்து உடம்பில் கொஞ்ச நாள் நிற்குமாம். இரண்டு மூன்று வாரத்தில் தெரியும் என்றார். அதற்குள் எங்கேயாவது தேடுங்கள் என்றார்.

ஏப்ரல் 8, புதன்

டவுணில் ஒரு மருந்துக்கடை பாக்கியில்லை. இல்லை, இல்லை, இல்லை. ஒரு கடைப் பையன் சிரிக்கிறான்: "எல்லாரும் இதத்தான் கேக்காவ டீச்சர். உங்களுக்கும் பயமா?" விரலைக் காட்டினேன். சிரிப்பை நிறுத்தினான்.

ஸ்டெல்லா போன் செய்தாள். தூத்துக்குடிப் பக்கம் புன்னக்காயல்காரி. மாதா மாதம் மூட்டு டாக்டரிடம் வரும்போது பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பழக்கம். எனக்கு இருக்கும் அதே வியாதி, அதே மாத்திரை. விடியுமுன் எழுந்து இடியாப்பம் பிழிந்து விற்கிறவள். அந்த உரலை அமுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"டீச்சர், எனக்கு இன்னிக்கோட தீந்துட்டு. இங்கன கடையில கேட்டா, டவுணுக்குப் போங்காவ. பஸ்ஸு இல்ல, எங்க வீட்டுக்காரவுக கடலுக்கும் போவல. உங்களுக்கு எங்கனயாவது கிடைச்சா எனக்கும் ஒரு பத்து மாத்திர சொல்லி வையுங்க."

"கிடைச்சா உனக்கு இல்லாமலா ஸ்டெல்லா" என்றேன்.

ஏப்ரல் 11, சனி

ஒலிபெருக்கி வைத்த ஆட்டோ அதையே சொல்லிக்கொண்டு போகிறது. முதல் வாரம் வாசலில் நின்று கேட்டோம். இன்று ஒருவரும் தலை திருப்பவில்லை. சந்து முடுக்குக்குள் நாலு பேர் சீட்டு ஆடுகிறார்கள், முகக்கவசம் எல்லாம் தாடையில். "எத்தன நாளைக்குத்தான் வே உள்ளயே கெடக்க?" "வந்தா வந்துட்டுப் போவுது." பயம் இவர்களுக்குப் பதினைந்து நாளில் அலுத்துவிட்டது. பயத்தில் வாரிக்கொண்டு போன சாமானை மட்டும் ஒருவரும் திரும்பக் கொண்டுவரவில்லை.

காலையில் விரல் மடங்க அரை மணி நேரம். வழக்கமாகப் பத்து நிமிடம்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. கனி வைத்தேன்: மாம்பழம் 1, வெள்ளரி 1, கண்ணாடி. கண்ணாடியைத் தூக்கும்போது நழுவிற்று. உடையவில்லை.

ஊரடங்கு நீட்டிப்பு. காப்பி வடிகட்டியின் மூடி திறக்கவில்லை. காப்பி இல்லாத வருடப் பிறப்பு.

குடும்ப வாட்ஸாப்பில் மதினி: "ஆரோக்கியமே செல்வம். அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்."

ஏப்ரல் 16, வியாழன்

மணிக்கட்டு வீக்கம். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்குகிறது. குளிக்கவில்லை.

ஏப்ரல் 18, சனி

எழுத வரவில்லை. கை.

ஏப்ரல் 20, திங்கள்

இடது கையால் நோட்டைப் பிடித்துக்கொண்டு பைய எழுதுகிறேன். எழுதியே ஆகவேண்டும்.

காலை ஏழுக்கு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினேன், நடந்தே. பாலம்வரை போவதற்குள் பாதமும் பிடித்துக்கொண்டது. ஆற்றில் யாருமே இல்லை, தண்ணீர் மட்டும் தெளிந்து போகிறது. பாலத்துத் தடுப்பில் ஒரு பெண் போலீஸ். "டீச்சர், எங்க போறிய இந்தக் காலோட?" பழைய மாணவி. பத்தாவதில் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேனாம். மருந்துக்கு என்றேன். "ஏறுங்க" என்று வண்டியில் பின்னால் உட்காரவைத்து அண்ணன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள். பெஞ்சு மேல் ஏற்றியதற்கு இப்போது வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குள் மளிகைக்கடை. மாடிப்படிக்குக் கீழே கோதுமை மாவு, எண்ணெய் டின், கை கழுவும் திரவம் ஒரு பெட்டி. மதினி முகக்கவசத்தோடு ஆறடி தள்ளி நின்றாள். "கைய கழுவிட்டு வா." குழாயைத் திருக முடியவில்லை. அவளே திருகினாள். கேட்கவில்லை, ஏன் என்று.

"ஒரு அட்ட எடுத்துக்கோயேன் கோமு" என்றாள், கல்யாண வீட்டில் தாம்பூலம் தருகிற தினுசில். "எங்களுக்கும் வேணும்லா."

வாய் நிறைய வைத்துக்கொண்டு போயிருந்தேன். சீட்டைத் திருடியது குற்றம், போலீஸ் வாசலில்தான் நிற்கிறது என்றெல்லாம். வாயைத் திறப்பதற்குள் காப்பி கொடுத்தார்கள். இரண்டு கையாலும் பிடித்தேன். டம்ளர் விழுந்தது. புடவையெல்லாம் காப்பி, சூடு. எடுக்கக் குனிந்தேன், விரல் டம்ளரைச் சுற்றி மடங்கவில்லை. தரையில் தள்ளிக்கொண்டே இருக்கிறேன், அது உருண்டுகொண்டே போகிறது.

அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான். "எப்பருந்துளா இப்படி?" என்றான். கேட்டுவிட்டு எழுந்து போய் பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். பதினோரு அட்டை. மீதி ஏழு எங்கே என்று கேட்டேன். மதினியின் தங்கை வீட்டுக்கு நான்கு, சம்பந்தி வீட்டுக்கு மூன்று. மொய் வைத்திருக்கிறார்கள் என் மருந்தை. அடுக்களையில் பாத்திரம் உருண்டது, அது மதினி.

மன்னிப்பு என்று ஒரு சொல் அவன் வாயில் வரவில்லை. காரில் கொண்டுவந்து விட்டான், வழி முழுக்க அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு.

மாத்திரை 1, இரவு. தண்ணீரோடு சேர்த்து அழுகையும்.

ஏப்ரல் 22, புதன்

பதினோரு அட்டை. அவர்கள் தின்றதுபோக, காலை ஒன்று, இரவு ஒன்று என்றால் நாற்பது நாள் சொச்சம். வீக்கம் அப்படியேதான், குறைய நாளாகும்.

பையை எங்கே வைப்பது? பீரோ வேண்டாம். அண்ணனுக்கு மனம் மாறி வந்து கேட்டாலும் கேட்பான். உளுந்து டிரம்மில், அடியில்.

பகல் மூன்றுக்கு ஸ்டெல்லா. "டீச்சர், கிடைச்சுதா?"

"இல்லம்மா" என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேனோ. ஊரடங்கு இன்னும் எத்தனை மாதமோ யார் கண்டது. எனக்குக் குழாய் திருக ஆள் இல்லை. அவளுக்குப் புருஷன் இருக்கிறான், பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் நடந்து போய், காப்பி கொட்டி, மானம் போய் வாங்கிவந்தது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

"சரி டீச்சர், நீங்க மனசத் தளரவிடாதிய" என்று வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 23, வியாழன்

வீட்டில் இட்லி மாவு இல்லை. டிரம்மைத் திறக்கப் பிடிக்கவில்லை. உப்புமா.

ஏப்ரல் 25, சனி

மூட்டமாக இருந்து மழை ஏமாற்றிவிட்டது. புழுக்கம்.

பதினோரு மணிக்கு ஸ்டெல்லா. நான்கு அடிப்புக்குப் பிறகுதான் எடுத்தேன்.

"டீச்சர், கை எப்படி இருக்கு? எங்க வீட்டுக்காரவுக தூத்துக்குடில ஒரு கட விடாம அலஞ்சு ஒரே ஒரு அட்ட வாங்கியாந்துட்டாவ. பத்து மாத்திர. அஞ்சு உங்களுக்குன்னு வெட்டி எடுத்து வச்சிருக்கேன். நாளைக்குக் காலைல மீன் வண்டி டவுணுக்கு வருது. வண்டிக்காரன்ட்ட குடுத்து விடுதேன், வாசல்ல நின்னு வாங்கிக்கிடுங்க."

"உனக்கு வேணுமே" என்றேன்.

"எனக்கு மாவு பிழிய பிள்ளைய இருக்கு. நீங்க ஒத்தையில கெடக்கிய. நீங்கதான கிடைச்சா உனக்கு இல்லாமலான்னு சொன்னிய."

போனை வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். அண்ணனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன் இதில். புரட்டிப் பார்த்தேன். எல்லாம் நல்ல தமிழ்.

டிரம்மைச் சாய்த்து உளுந்தைத் தரையில் கொட்டி, பையை எடுத்தேன். ஆறு அட்டை செய்தித்தாளில் சுற்றினேன். அதில் ஒன்றைத் திரும்ப எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன். நூல் கட்ட விரல் வரவில்லை, பல்லால் முடிச்சுப் போட்டேன். மேலே அவள் பெயர், ஊர். வண்டிக்காரரிடம் என்ன சொல்ல வேண்டும்: தண்ணீர் படாமல், ஐஸ் பெட்டியில் வைக்காமல்.

எப்போது கிடைத்தது என்று அவள் கேட்டால்? இன்றுதான், அண்ணன் கொண்டுவந்து கொடுத்தான் என்று சொல்லிவிடலாம். அதையும் யோசித்து வைத்துவிட்டேன், வெட்கங்கெட்டவள்.

கேட்கமாட்டாள். கேட்கவே மாட்டாள். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.