என் துணிக்கு வாசனை வேண்டாம்

அப்பா,

சாப்பாடு அடுப்பு மேல் மூடி இருக்கிறது. பத்து மணிக்குக் குழாய் ரிப்பேர்க்காரர் வருவார். சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடாதே, கூடவே நில்.

வாசனை ஸ்பிரேயைத் தேடாதே. நான்தான் எடுத்துப்போகிறேன். நேற்று ஆபீஸில் எனக்கு மூச்சு முட்டியது உன் பீடியால் இல்லை. என் அலமாரியைத் திறந்து எல்லாத் துணிக்கும் அடித்துவைத்தாயே, அந்த ரோஜா நாற்றத்தால். இன்னொரு தடவை இப்படி வந்தால் ஆஸ்பத்திரியில் படுக்கத்தான் வேண்டும் என்கிறார் டாக்டர்.

பக்கத்து சீட்டுக்காரி, "உன் டிரஸ்ல பீடி வாடை வருதுப்பா" என்று மூக்கைப் பொத்தியதை உன்னிடம் அழுதுகொண்டே சொன்னது என் தப்பு. உடனே நீ, "காலேஜ் படிச்ச பொண்ணு மேல பெயிண்டர் வீட்டு வாடை வரலாமா?" என்று ஸ்பிரே வாங்கக் கிளம்பிவிட்டாய். இந்தப் பீடிப் புகைக்குள் உட்கார்ந்து இருமிக்கொண்டு, உன்னோடு சண்டை போட்டுக்கொண்டுதான் அந்தக் காலேஜையே முடித்தேன். அதைத் தாங்கினேன். இதைத் தாங்க முடியவில்லை.

அவள் பொத்திக்கொள்ளட்டும். அது அவள் மூக்கு.

துணியெல்லாம் வாளியில் ஊறுகிறது. குழாய் சரியானதும் அலசிப் போடு.

பி.கு: இதை வைத்துப் பீடிக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன் என்று நினைக்காதே. மாடிக்குப் போய்க் குடி.

இன்னொன்று: மாடிக் கதவைச் சாத்திக்கொள்ளாதே. நான் வந்து திட்ட வேண்டும்.